பதினைந்துக்கும் முப்பதுக்கும் நடுவில்

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் ஓடாது என்று வாட்ச்மேன் சொன்னார். "ஞாயித்துக்கெழமைன்னா கட்டடம் ஒசரம் கொறஞ்சிடுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் பேசுவதை அவர் நிறுத்தி ஆறு மாதம் இருக்கும். இருபது மாடியையும் காலால் ஏறினேன்.

அலுவலகத்தில் எனக்குப் பச்சைமிளகாய் என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்கிறார்கள். இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் முதுகுக்குப் பின்னால் என்பது எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது?

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேபிள் போட முடியாத இடத்துக்கு நாங்கள் வெளிச்சத்தில் இன்டர்நெட் அனுப்புகிறோம். இந்தக் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு பெட்டி, எதிர்க் கட்டடத்து மாடியில் ஒரு பெட்டி, நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. பெட்டியை நாங்கள் கண் என்போம். இந்தக் கண் அந்தக் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். தோண்ட வேண்டாம், அனுமதி வேண்டாம், ஒரே நாளில் இணைப்பு என்று விற்பனைக்காரர்கள் தேன் ஒழுகப் பேசி விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற பனி, தூசி, புறா, கிரேன் எல்லாம் என் தலையில் விடியும். கட்டடம்கூட ஒழுங்காக நிற்பதில்லை. மத்தியான வெயில் மேற்குச் சுவரில் அடித்தால் அந்தப் பக்கம் சூடேறி விரிந்து, கட்டடம் கிழக்கே ஒரு நூல் சாயும். உள்ளே உட்கார்ந்து டீ குடிப்பவனுக்குத் தெரியாது. ஆனால் இங்கே கண் அந்த அளவு திரும்பினால் நானூறு மீட்டர் தள்ளி ஒளி ஒரு முழம் விலகிப் போயிருக்கும். அதை அவ்வப்போது திருத்துவதற்குக் கண்ணுக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார் உண்டு.

அந்த மோட்டார் திணறுகிறது என்று வெள்ளிக்கிழமையே மச்சினன் போன் செய்தான். என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கண்காணிப்பு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். அவனுக்கு அலுவலகத்தில் பேர் அலாரம். ஒளிக்குக் குறுக்கே ஒரு புறா பறந்தால் இணைப்பு ஒரு செகண்டு போய் வரும், அதற்கும் கூப்பிடுவான். போன மாதம் ஒரே நாளில் பதினேழு தடவை கூப்பிட்டான். பதினேழாவது தடவை நான் போனை எடுக்கவில்லை. நேரே அந்த அறைக்கே போனேன்.

"ஏண்டா, புறா பறந்தா எனக்கு எதுக்குடா சொல்ற? நான் என்ன புறாவுக்கு மாப்பிள்ளையா பாக்கறேன்? முப்பது செகண்டுக்கு மேல போனா மட்டும் கூப்பிடு. அதுக்குள்ள திரும்பி வந்துட்டா ரிஜிஸ்டர்ல எழுதிட்டு வாய மூடிட்டு உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது. அன்றிலிருந்து முப்பது செகண்டுக்குக் குறைந்த எதற்கும் எனக்கு போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை மோட்டாருக்காகக் கூப்பிட்டபோதும், "லிங்க் போச்சா?" என்று கேட்டேன். "போகல மாமா, ஆனா..." "போனா கூப்பிடு" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலைதான் எனக்கு உறைத்தது. எதிர்க் கட்டடத்தில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை மையம். சாலை தோண்டியவர்கள் அதன் கேபிளை அறுத்துவிட்டதால் பத்து நாளாக எங்கள் ஒளிதான் அதற்கு உயிர். துணைக்கு வைக்க வேண்டிய ரேடியோ பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டரையிலிருந்து நாலரை வரை அங்கே அறுபது பேர் பரீட்சை எழுதப் போகிறார்கள். மையத்து மேலாளர் என்னிடம் நாலு தடவை சொல்லியிருந்தார்: "தொடர்ந்து பதினஞ்சு செகண்டு நெட் இல்லன்னா எல்லாரையும் வெளிய தள்ளிடும் சார். அப்புறம் அந்தப் பரீட்சையே செல்லாது."

அந்த அறுபது பேரில் ஒருத்தி என் மனைவி.

தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் ஒரு வேலைக்கான பரீட்சை. அவள் வேதியியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் அந்த மாதிரிக் கூடமொன்றில் வேலையும் பார்த்தவள். நாற்பத்தைந்து வயதுக்குள் எழுத வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. எட்டு மாதமாக அடுப்படியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்தாள். அதற்காக வீட்டில் ஒரு வேலையும் நின்றதில்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போது சிங்கில் ஒரு கரண்டிகூடக் கிடக்காது. எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள் என்று நான் பத்துப் பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கொண்டுபோய் விடுகிறீர்களா என்று கேட்டாள். மோட்டார் கவலையில் இருந்தவன் கேட்கவா வேண்டும்.

"இந்த வயசுல பரீட்சை எழுதி என்ன ஆகப் போகுது?"

"எழுதினாத்தானே தெரியும்?" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் இப்படி எதிர்த்துச் சொன்னது கைவிரலில் எண்ணிவிடலாம்.

"ரொம்பத் துள்ளாத. உன் பரீட்சையே என் கை அகலம்தான். அந்தக் கண்ணுக்கு முன்னால நான் கைய நீட்டினா முடிஞ்சுது உன் கதை."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள், மேடையைத் துடைத்தாள், பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். நான் சும்மாதான் சொன்னேன். என்னுடைய பாதிப் பேச்சு சும்மா சொல்வதுதான். அதைக் கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததில்லை.

ஸ்டோரில் புது மோட்டாரைத் தேடி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு ஆகப் பத்து. அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். வழக்கமாக முட்டுக்கொடுக்கும் செங்கல்லைக் காணோம். பையை வைத்துக் கதவை நிறுத்தினேன். புது மோட்டார், தண்ணீர் பாட்டில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன் எல்லாம் பையில். திருப்புளியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பழைய மோட்டாரைக் கழற்றினேன். புது மோட்டாரை எடுக்கத் திரும்பினேன். காற்று ஒரு தள்ளு தள்ளியது. கதவு பையை உள்ளே தள்ளிக்கொண்டு டக்கென்று மூடியது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கதவை உதைத்தேன். கதவு அசையவில்லை, கட்டைவிரல்தான் வலித்தது. திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பினேன், முனை வளைந்தது. கத்தினேன். இருபது மாடிக்குக் கீழே, விடுமுறை நாளில், எவனுக்குக் கேட்கும்? எட்டிப் பார்த்தால் வாட்ச்மேனின் தொப்பி ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. கழற்றிப் போட்ட மோட்டாரின் திருகு ஒன்றைக் கீழே போட்டேன். அது எங்கே விழுந்ததோ, பொத்தான் நகரவில்லை. இன்னும் பெரிதாக எதையாவது போட்டு யார் தலையாவது உடைந்தால் என்று அதையும் விட்டேன்.

மணி இரண்டரை.

கண்ணின் முதுகில் ஐந்து பச்சை விளக்குகள் உண்டு. ஐந்தும் எரிந்தால் ஒளி சரியாகப் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். ஒன்றுகூட எரியாவிட்டால் இணைப்பு இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து நாலானது. வெயில் மேற்குச் சுவருக்கு வந்துவிட்டது. மோட்டார் இல்லை. அடியில் கையால் திருப்புகிற நுண்திருகு ஒன்று இருந்தது. அதைக் கால் சுற்று திருப்பினேன். ஐந்தாவது விளக்கு திரும்ப வந்தது. ஆறு நிமிஷத்தில் மறுபடி போனது.

அப்போதுதான் எனக்கு என் நிலைமை முழுசாகப் புரிந்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும் மாட்டவில்லை, இந்தத் திருகோடும் மாட்டிக்கொண்டேன். ஐந்து ஆறு நிமிஷத்துக்கு மேல் அதை விட்டுப் போக முடியாது. போனால் விளக்கு ஒவ்வொன்றாக அணையும். பரீட்சை கெட்டால், காரணம் கட்டடம் என்றா அவள் நினைப்பாள்? அவர் கையை நீட்டிவிட்டார் என்றுதான் நினைப்பாள்.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் கோபுரக் கிரேன் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் உட்காரும் கண்ணாடிக் கூண்டு ஏறக்குறைய என் உயரத்தில்தான் இருக்கும். ஆள் தெரிந்தார். ஆபத்பாந்தவன் என்று நினைத்து ஓரத்துக்கு ஓடி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கதவைக் காட்டினேன். மறுபடி ஆட்டினேன்.

அவர் பார்த்தார். பார்த்ததும் அவசர அவசரமாகக் கிரேன் கையை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் அந்தக் கை என் ஒளிக்குக் குறுக்கே வந்தபோது இதே ஓரத்தில் நின்று இதே மாதிரி இரண்டு கையையும் ஆட்டி அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருந்தேன். அவர் மரியாதையான ஆள். கையை ஒதுக்கிவிட்டார், இன்னும் என்ன வேண்டுமாம் இந்த ஆளுக்கு என்று முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் கும்பிட்டும் பார்த்தேன். கும்பிடும் நேரத்தில் அவர் திரும்பவில்லை.

மிச்சம் இருந்தது ஒளி மட்டும்தான். அதன் ஒரு முனை எதிர்க் கட்டடத்தில் இருந்தாலும், அது போவதும் வருவதும் மச்சினனின் திரையில் தெரியும். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மறைத்தால் இணைப்பு போகும். முப்பது செகண்டு மறைத்தால் அவன் எனக்கு போன் செய்வான், நான் எடுக்கவில்லை என்றால் ஆளை அனுப்புவான். ஆனால் பதினைந்து செகண்டிலேயே அறுபது பேர் பரீட்சையும் போய்விடும். பதினைந்து மையத்துச் சட்டம், முப்பது என் சட்டம். இரண்டுக்கும் நடுவில் நான் நின்றேன்.

ஐந்து செகண்டு மறைத்தால்? புறா ஐந்து செகண்டு நிற்காது. அதுவும் அடுத்தடுத்து மூன்று தடவை வந்தால் எந்த மடையனுக்கும் சந்தேகம் வரும். மணி மூன்று ஆக இரண்டு நிமிஷம் இருக்கும்போது கையை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எடுத்தேன். ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. இன்னொரு நிமிஷம் விட்டு மறுபடி. பிறகு கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே என் போன் அடிக்கவில்லை. விளக்கு நாலாகிவிட்டது. திருகுக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு கையை வைக்கத் துணியவில்லை. ஐந்து செகண்டு திரை உறைந்து நின்றாலே அவள் பயந்துபோவாள். எதற்கு?

மூன்றேகால். மூன்றரை. தரை ஓடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. தண்ணீர்த் தொட்டி பூட்டியிருந்தது. அதன் நிழல் என்னிடமிருந்து பத்தடி தள்ளி விழுந்திருந்தது. போய் ஒரு நிமிஷம் உட்கார்வேன், விளக்கைப் பார்க்க முடியவில்லையே என்று எழுந்து வருவேன். சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டேன். திருகு கொதித்தது. சட்டை நுனியால் பிடித்துத் திருப்பினால் அளவு தெரியவில்லை, ஒரே சமயத்தில் மூன்று விளக்கு அணைந்து உயிரே போய்விட்டது. அப்புறம் வெறும் விரலால்தான். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் கொப்பளித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

நாலு மணிக்குத் தலை சுற்றியது. முப்பது செகண்டு, முப்பதே செகண்டு கையை வை, ஆள் வருவான், தண்ணீர் வரும் என்று எனக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எட்டு மாதம் பருப்பு டப்பா பக்கத்தில் சாய்ந்திருந்த அந்தப் புத்தகத்தை நினைத்துக்கொண்டேன். அதன் அட்டை என்ன நிறம் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு தடவைகூட அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது. கால் சுற்று திருப்பினேன். இன்னொரு கால் சுற்று.

நாலரைக்கு மேல் ஐந்து நிமிஷம் கூடவே பொறுத்தேன், என் கடிகாரத்தை நம்பாமல். பிறகு இரண்டு கையையும் கண்ணின்மேல் வைத்து எண்ணினேன். முப்பத்திரண்டில் கதவுக்குப் பின்னால் என் போன் அடித்தது. அது அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். புறாவுக்கெல்லாம் கூப்பிட்டவனின் அழைப்பு அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று யார் கண்டார்கள்?

அரை மணி கழித்துக் கதவு முதுகில் இடித்துத் திறந்தது. என் மனைவி நின்றாள். இருபது மாடி ஏறிய மூச்சு. பரீட்சை நுழைவுச்சீட்டு இன்னும் கையில் இருந்தது.

"தம்பி போன் பண்ணான். நீங்க போன எடுக்கலன்னு. நான் எதிர்லதான இருக்கேன்னு என்னைப் பாக்கச் சொன்னான். அவனும் வந்துட்டிருக்கான்" என்றாள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். நான் குடித்து முடிக்கும்வரை அவள் கைப்பிடி இல்லாத கதவையும், கழற்றிப் போட்ட மோட்டாரையும், என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்பலேருந்து?"

"ரெண்டேகால்லேருந்து."

"மூணு மணிக்கு ஸ்கிரீன் மூணு தடவை நின்னுச்சே, அது..."

"நான்தான். கைய வெச்சேன். உன் தம்பிக்குத் தெரியட்டும்னு. யாராவது வந்து கதவத் தெறக்கட்டும்னு."

"நான் வேற மாதிரி நெனச்சிட்டேன்" என்றாள்.

என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"காலைல சொன்னீங்கல்ல. அத செய்ய ஆரம்பிச்சிட்டீங்கன்னு. மூணு தடவை மெரட்டறீங்க, நாலாவது தடவை எடுக்க மாட்டீங்கன்னு."

"நான் அப்படிச் செய்வேனா?"

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. வாட்ச்மேன் ஞாபகம் வந்தது எனக்கு.

"பரீட்சை?" என்றேன்.

"எழுதிட்டேன். மூணு அம்பதுக்கே முடிச்சு அனுப்பிட்டேன், நாலரை வரைக்கும் வெளிய விடல. திருப்பிப் பாக்கல. பாத்துட்டிருக்கும்போது கைய வெச்சிட்டீங்கன்னா?"

மூன்று ஐம்பது. அதற்கு மேலும் நாற்பத்தைந்து நிமிஷம் நான் அந்தத் திருகைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மற்ற ஐம்பத்தொன்பது பேருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்களை நான் ஒரு கணமும் நினைக்கவில்லை.

"ரெண்டு மணி நேரப் பரீட்சைய எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிச்ச?"

"எனக்கு இது புதுசா என்ன?" என்றாள். "தெனமும் நீங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள முடிக்கறவதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். சிங்கில் ஒரு கரண்டிகூடக் கிடக்காததை நான் பத்துப் பேரிடம் சொன்னது நினைவுக்கு வந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விளக்குகளைப் பார்த்தேன். இரண்டுதான் எரிந்தன.

மச்சினன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கையில் ரிஜிஸ்டர். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மூணு தடவை லிங்க் போனதையும் பாத்தேன் மாமா. போனக்கூட எடுத்தேன். முப்பது ஆகலையே, திட்டுவீங்கன்னு வெச்சிட்டேன். புறா, புறா, புறான்னு எழுதிட்டேன். மாத்தட்டுமா?"

"மாத்து. என் பேர எழுது."

"காரணம்னு போட்ட எடத்துலயா மாமா?"

"அங்கதான்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவன் அடித்து எழுதினான்.

புது மோட்டாரை மாட்டியாக வேண்டும். கொப்பளித்த விரலோடு திருகைப் பிடிக்க நேரம் ஆனது. நான் வேலையை முடிக்கும்வரை, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க, அவள் அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். சீக்கிரம் முடிங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.